வாயை மூடிக்கொண்டு ஆட முடியாத விளையாட்டுகள்: ஆங்கிலம் பேசப் பழக ஒரு வழி

பெட்டியின் மேல் ‘ஆங்கிலம் கற்றுத்தரும் போர்டு கேம்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். முதலில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இதை இரண்டு பேர் வாயே திறக்காமல் ஆடி முடிக்க முடியுமா? முடியும் என்றால் பொழுது போகும், சில சொற்கள் கண்ணில் படும், அவ்வளவுதான். ஆங்கிலம் பேச அதனால் பெரிய பயன் இருக்காது.

பாம்பு ஏணி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க ஆடும் பரமபதத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், அங்கே ‘ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்’ ஆனது. இப்போது அதன் கட்டங்களில் ‘கோ என்ற வினைச்சொல்லின் இறந்தகாலம் என்ன?’, ‘ஐந்து பழங்களின் பெயர் சொல்’ என்றெல்லாம் எழுதி, ஆங்கில விளையாட்டு என்று கொடுக்கிறார்கள். தாயக்கட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது ஒரு வினாத்தாள்தான். பிள்ளை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு, தன் முறை மறுபடி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கும்.

பேச்சுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும்? கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளை முழுக்க பிரெஞ்சு வழியில் படிக்க வைக்கும் பள்ளிகள் உண்டு. அந்தப் பிள்ளைகளைக் கவனித்த மொழியியலாளர் மெரில் ஸ்வெயின் 1985இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். பல வருடம் பிரெஞ்சிலேயே பாடம் கேட்டதால் அவர்களுக்குப் புரிதல் நன்றாக வந்துவிட்டது. பேசும்போதும் எழுதும்போதும் மட்டும் பிழைகள் தீரவில்லை. காதால் கேட்டது போதுமான அளவு இருந்தது. வாயால் சொல்லத்தான் போதிய வாய்ப்பு இல்லை. நாமே சொல்ல முயலும்போதுதான் ‘இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லையே’ என்பது உறைக்கும் என்றார் அவர். ஆங்கிலப் படத்தைப் புரிந்துகொள்ளும் நம் கல்லூரி மாணவர், ஹோட்டல் கவுன்டரில் அதே ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசத் திணறுவதும் இதே கதைதான்.

சரி, பேச வேண்டும் என்றால் ‘பேசு’ என்று சொன்னால் போதாதா? போதாது. பேச ஒரு காரணம் வேண்டும். இந்த இடத்தில் நமக்கு நெருக்கமான ஓர் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என். எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை பெங்களூருவை மையமாக வைத்து, சென்னையையும் சேர்த்து, சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசைப்படுத்திய பாடத்திட்டம் கிடையாது. ரயில் கால அட்டவணை, வரைபடம் போல ஏதாவது ஒன்றைக் கொடுத்து, அதை வைத்து ஒரு கேள்வியைத் தீர்க்கச் சொல்வார்கள். மாணவரின் கவனம் முழுக்க விடையில் இருக்கும், மொழி அதன் போக்கில் உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் ‘பெங்களூரு புராஜெக்ட்’ என்று இதைப் படிக்கிறார்கள்.

வகுப்பில் கொடுக்கும் வேலைகளை பிரபு மூன்றாகப் பிரித்தார். உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, எனவே கேட்டுத்தான் ஆக வேண்டும்: இது தகவல் இடைவெளி. இருக்கும் தகவலை வைத்து யோசித்து ஒரு முடிவுக்கு வர வேண்டும்: இது தர்க்க இடைவெளி. சரி தவறு கிடையாது, உனக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்ல வேண்டும்: இது கருத்து இடைவெளி. போர்டு கேம்களை மனதில் வைத்து அவர் இதைச் சொல்லவில்லை. ஆனால் எந்த விளையாட்டு பேச வைக்கும், எது வைக்காது என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆசிரியர் ஒரு பேனாவைத் தூக்கிக் காட்டி ‘வாட் இஸ் திஸ்?’ என்று கேட்கிறார். அது பேனா என்று அவருக்கும் தெரியும், எதிரே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். இடைவெளியே இல்லாத கேள்வி இது. அதே பேனாவை ஒரு பைக்குள் போட்டுவிட்டு, ‘கேள்வி கேட்டுக் கண்டுபிடியுங்கள், நான் ஆமாம் இல்லை மட்டும் சொல்வேன்’ என்றால் இடைவெளி பிறந்துவிட்டது, கூடவே விளையாட்டும்.

அந்தப் பைக்கு ஒரு பெட்டி செய்து விற்றால் அதுதான் ‘கெஸ் ஹூ’. தியோ கோஸ்டர், ஓரா கோஸ்டர் என்ற தம்பதி உருவாக்கி 1979இல் வெளிவந்தது. ஆளுக்கு ஒரு பலகை, அதில் 24 முகங்கள். எதிராளி ரகசியமாக ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். தொப்பி இருக்கிறதா, கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று கேட்டுக் கேட்டுப் பொருந்தாத முகங்களைக் கவிழ்த்துக்கொண்டே போக வேண்டும்.

தமிழ் பேசும் பிள்ளைக்கு இது ஏன் இவ்வளவு பொருத்தம் என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். தமிழில் கேள்வி கேட்பது சுலபம். ‘மீசை இருக்கு’ என்பதன் வாலில் ஓர் ஆகாரத்தை ஒட்டினால் ‘மீசை இருக்கா?’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘ஹி ஹேஸ் எ மஸ்டாஷ்’ என்பதைக் கேள்வியாக்க, முன்னால் ‘டஸ்’ வர வேண்டும், ‘ஹேஸ்’ என்பது ‘ஹேவ்’ ஆக வேண்டும். நம் பிள்ளைகள் பல வருடம் தடுக்கி விழும் இடம் இது. ‘ஹி ஹேஸ் மஸ்டாஷ்?’ என்று குரலை மட்டும் உயர்த்திச் சமாளிப்பார்கள். ஒரு சுற்று கெஸ் ஹூ ஆடினால் இரண்டு பேருமாகச் சேர்ந்து எப்படியும் பத்துக் கேள்வி கேட்டிருப்பார்கள், அத்தனையும் ‘டஸ் ஹி ஹேவ்’ அல்லது ‘இஸ் ஷி வேரிங்’ வகை. அதையே நோட்டில் பத்து முறை எழுதச் சொன்னால் தண்டனை. இங்கே அடுத்த சுற்றுக்கு அவர்களே முகங்களை நிமிர்த்துவார்கள்.

ஆடுபவர் மனதில் ஓடுவதும் இலக்கணம் இல்லை, கணக்கு. 24ஐப் பாதியாக்கினால் 12, அப்புறம் 6, 3 என்று போய், நல்ல கேள்விகளாக இருந்தால் ஐந்தில் முடித்துவிடலாம். பழைய பெட்டியில் 24 பேரில் 5 பேர்தான் பெண்கள். ஆகவே ‘இஸ் இட் எ உமன்?’ என்று தொடங்குவது அவ்வளவு நல்ல உத்தி இல்லை என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். (5 பேர் மட்டும் ஏன் என்று ஒரு பெண் குழந்தை கேட்டால், அந்தக் கேள்வியையும் ஆங்கிலத்திலேயே கேட்கச் சொல்லுங்கள்.)

பெட்டி வாங்க வேண்டியதில்லை. செய்தித்தாளில் வரும் முகங்களாகப் பார்த்துப் பதினாறை வெட்டி ஒரு தாளில் ஒட்டி, இரண்டு ஜெராக்ஸ் எடுத்தால் ஒரு செட் தயார். கவிழ்ப்பதற்குப் பதில் முகத்தின் மேல் புளியங்கொட்டை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ‘டாபூ’, 1989இல் வந்த விளையாட்டு. கார்டில் ஒரு சொல் இருக்கும், அதன் கீழே ஐந்து தடைச் சொற்கள். அந்த ஐந்தையும் வாயில் வரவிடாமல், மேலே உள்ள சொல்லை உங்கள் அணியைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். ஆங்கிலம் பேசப் பழக ஒரே ஒரு விளையாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

காரணம் இதுதான். நம் ஆட்கள் ஆங்கிலத்தில் தடுமாறுவது பெரும்பாலும் ஒரு சொல் அகப்படாத இடத்தில். வெளியூர்க் கடையில் டீ வடிகட்டி வாங்க வேண்டும், ‘ஸ்ட்ரெய்னர்’ என்ற சொல் நினைவுக்கு வரவில்லை. அங்கேயே பேச்சு நின்றுவிடும். ஆங்கிலம் சரளமாக வருபவருக்கும் சொற்கள் மறக்கத்தான் செய்யும், ஆனால் அவர் நிற்பதில்லை. ‘டீக்கு யூஸ் பண்ணுவோமே, நிறைய சின்ன ஓட்டை இருக்குமே’ என்று நாம் தமிழில் சுற்றி வளைப்பதை அவர் ஆங்கிலத்தில் செய்கிறார். இப்படிச் சுற்றி வளைப்பது தனியாகப் பழக வேண்டிய திறமை, பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் அதற்குப் போதிய இடம் இல்லை. டாபூவில் வேறு வழியே கிடையாது.

கடையில் விற்கும் பெட்டியில் ஒரு சிக்கல் உண்டு. அதன் கார்டுகள் அமெரிக்க வாழ்க்கையை வைத்து எழுதியவை. விளையாட்டுக் குழுவின் பெயர், டிவி நிகழ்ச்சியின் பெயர் என்று வரும்போது பிள்ளைக்கு விஷயமே தெரியாது, ஆங்கிலம் எப்படி வரும்? எனவே நாமே எழுதிக்கொள்வது நல்லது. இட்லி என்று ஒரு கார்டு. தடைச் சொற்கள்: ஒயிட், சட்னி, சாம்பார், ரைஸ், பிரேக்ஃபாஸ்ட். இப்போது என்ன செய்வது? ‘இட் இஸ் ரவுண்ட் அண்ட் வெரி சாஃப்ட். டாக்டர் செஸ் ஈட் திஸ் வென் யூ ஹேவ் ஃபீவர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்தக் கணமே கூட்டம் முழுக்க இட்லி என்று கத்தும். அதில் ஒரு ‘தி’ விட்டுப்போயிருக்கிறது, போகட்டும். ஆட்டோ, குடை, கரும்பு, பவர்கட் என்று எழுதிக்கொண்டே போகலாம்.

தொடக்கத்தில், பெட்டியோடு வரும் மணல் கடிகாரத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிடுங்கள். மெதுவாகப் பேசும் பிள்ளையை நேரக் கணக்கு இன்னும் ஊமையாக்கும். பதிலுக்கு, பார்க்கிற மாதிரி இடத்தில் மூன்று வாக்கியத் தொடக்கங்களை எழுதி வையுங்கள்: ‘இட்ஸ் எ கைண்ட் ஆஃப்…’, ‘யூ யூஸ் இட் டு…’, ‘யூ ஃபைண்ட் இட் இன்…’. இந்த மூன்றும் நாக்கில் ஏறிவிட்டால் பாதி உலகத்தை வர்ணித்துவிடலாம்.

ஸ்க்ராபிளைப் பற்றிப் பேசாமல் போனால் சண்டைக்கு வருவார்கள். எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டு அது, ஆங்கில விளையாட்டு என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான். ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாமல் இருந்தபோது உருவாக்கியது. எந்த எழுத்து எத்தனை வேண்டும் என்று முடிவு செய்ய நாளிதழ் பக்கங்களில் எழுத்துகளை எண்ணினார். மொத்தம் 100 வில்லைகளில் ஈ மட்டும் 12, ஆனால் எஸ் நான்குதான், எல்லாச் சொல்லுக்கும் பன்மை போட்டு ஒப்பேற்றிவிடக் கூடாது என்பதற்காக. ஸ்க்ராபிள் என்ற பெயர் 1948இல்தான் வந்தது.

நல்ல விளையாட்டுதான். ஆனால் பேச்சுக்கு? நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்கு பிரெஞ்சு பேச வராது. அகராதியிலுள்ள சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தார். 2024இல் ஸ்பானிஷ் பட்டத்தையும் இதே வகையில் எடுத்துக்கொண்டார். ஆங்கில ஸ்க்ராபிளிலேயே 2003, 2009 ஆண்டுகளின் உலக சாம்பியன்கள் தாய்லாந்துக்காரர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாடு அது. பொருள் தெரியாமலே எழுத்துக் கோவைகளை வைத்து உலகப் பட்டம் வெல்லலாம் என்றால், அந்த விளையாட்டு கேட்பது மொழியை இல்லை, ஞாபகத்தையும் கணக்கையும்தான். வாயை மூடிக்கொண்டு ஆடலாமா என்ற நம் பரிசோதனையில் அது அங்கேயே தோற்றுவிடுகிறது.

வீட்டில் ஏற்கெனவே ஸ்க்ராபிள் இருந்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம். வில்லைகளை அடுக்கி வைக்கும் ஒரு ராக்கை இரண்டு பேருக்குக் கொடுங்கள். எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று அந்த இருவரும் ஆங்கிலத்தில் கலந்து பேச வேண்டும். வைத்த சொல்லை ஒரு வாக்கியத்தில் சொன்னால்தான் புள்ளி. போட்டி ஆட்டக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில், செலவே இல்லாமல் நம் கையிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. ராஜா ராணி மந்திரி போலீஸ் திருடன். சீட்டுகளைக் குலுக்கிப் போட்டு, போலீஸ் சீட்டு எடுத்தவர் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது ஆடுகிறபடி அது வெறும் ஊகம், முகத்தைப் பார்த்துச் சொல்வது. இதில் ஒரு தகவல் இடைவெளியைப் புகுத்திவிட்டால் போதும்.

ராஜா, ராணி, மந்திரி சீட்டுகளில் ஒரே விவரத்தை எழுதுங்கள்: நேற்று ராத்திரி ஒரு கல்யாணத்தில் இருந்தீர்கள், மணப்பெண் பச்சைப் புடவை, பந்தியில் பாதாம் அல்வா, நடுவில் மழை வந்தது, வீட்டுக்கு வேனில் திரும்பினீர்கள். திருடன் சீட்டில் இவ்வளவுதான்: நீயும் அந்தக் கல்யாணத்தில் இருந்ததாகச் சாதிக்க வேண்டும். போலீஸ் சீட்டில் எந்த விவரமும் கிடையாது. அவர் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி ஆங்கிலத்தில் கேட்கலாம். ‘வாட் டிட் யூ ஈட்?’, ‘ஹவ் டிட் யூ கோ ஹோம்?’ என்று விசாரணை போகும். ‘டிட் யூ ஏட்’ என்று கேட்கும் பழக்கம் இந்த விளையாட்டில் மெல்ல மெல்லக் குறையும், ஏனென்றால் சுற்றுக்குச் சுற்று அதே வடிவம் சரியாகவும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இதில் கூர்ந்து கேட்பவர் யார் தெரியுமா? திருடன்தான். மற்றவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையிலிருந்தும் கல்யாணத்தைக் கட்டியெழுப்பியாக வேண்டுமே. காது கொடுத்துக் கேட்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல தூண்டுதல் வேண்டுமா?

இதே குணம் உள்ள பெரிய விளையாட்டு ‘மாஃபியா’, ‘வேர்வுல்ஃப்’ என்றும் சொல்வார்கள். 1980களில் மாஸ்கோவில் திமித்ரி தவிதோவ் என்ற உளவியல் மாணவர் உருவாக்கியது. கூட்டத்தில் ரகசியமாக மாஃபியாவாக இருக்கும் சிலரை மற்றவர்கள் பேசிப் பேசியே கண்டுபிடித்து வெளியேற்ற வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு, அதிலும் கேம்பஸ் இன்டர்வியூவின் குழு விவாதத்தை நினைத்து வயிற்றைக் கலக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு, இது நல்ல பயிற்சி. ‘ஐ திங்க் இட்ஸ் ஹிம் பிகாஸ்…’ என்று காரணத்தோடு பேசவும், ‘பட் யூ செட்…’ என்று மறுக்கவும் இங்கே நிஜமான அவசியம் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். வெளியேற்றப்பட்டவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், பேச்சு வராத பிள்ளையைத்தான் முதலில் வெளியேற்றுவார்கள்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘கோட்நேம்ஸ்’ செக் நாட்டு வடிவமைப்பாளர் விளாடா ஹ்வாட்டிலின் 2015ஆம் ஆண்டு ஆக்கம். மேசையில் 25 சொற்கள், அவற்றில் இரண்டு மூன்றை இணைக்கும் ஒற்றைச் சொல் குறிப்பு. குறிப்புக் கொடுப்பவர் அதிகம் பேச முடியாது, ஆனால் ஊகிக்கும் அணி ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளும், பயன் அங்கேதான். ‘ஜஸ்ட் ஒன்’ எழுத்துப் பயிற்சிக்கு அருமை. ஒருவர் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு குறிப்புச் சொல் எழுத வேண்டும், இரண்டு பேர் ஒரே சொல்லை எழுதியிருந்தால் இரண்டும் அழிந்துவிடும். எல்லோருக்கும் தோன்றும் முதல் சொல்லைத் தவிர்த்து இரண்டாவது மூன்றாவது சொல்லைத் தேட வேண்டிவரும். ‘டிக்ஸிட்’ கனவு மாதிரியான படங்கள் கொண்ட 84 கார்டுகள், கருத்து இடைவெளிக்குப் பொருத்தம். சின்னப் பிள்ளைகளுக்கு ‘கோ ஃபிஷ்’ போதும். ‘டூ யூ ஹேவ் எனி செவன்ஸ்?’ என்று கேட்டுக் கேட்டு ஒரே எண் கொண்ட நான்கு சீட்டுகளைச் சேர்க்க வேண்டும். சீட்டுக்கட்டு என்றாலே தாத்தா கோபப்படும் வீடு என்றால், பழம், விலங்கு என்று படம் வரைந்த கார்டுகளை வைத்து ஆடுங்கள்.

மோனோபோலி வகை, நம் கடைகளில் ‘டிரேட்’ என்றும் ‘பிசினஸ்’ என்றும் கிடைப்பது? உருட்டு, நகர்த்து, பணம் கொடு. இரண்டு மணி நேரத்தில் பேசும் ஆங்கிலத்தை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். இடங்களை மாற்றிக்கொள்ளும் பேரம் மட்டும்தான் தேறும்.

இனி நடத்துவதைப் பற்றி. விதிகளைத் தமிழில் சொல்லுங்கள். விதியை ஆங்கிலத்தில் விளக்குகிறேன் என்று கால் மணி நேரம் எடுத்துக்கொண்டால், ஆடும் நேரம் போய்விடும், பாதிப் பேருக்குப் புரிந்தும் இருக்காது. ஆட்டத்தின் நடுவில் தமிழ் வந்தால் அபராதம் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. அபராதத்துக்குப் பயந்து பிள்ளை ஆங்கிலம் பேசாது, பேசாமலே இருந்துவிடும். ஆட்டத்தில் செல்லுபடியாகும் கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அதைச் சொல்வதற்கு முன் பக்கத்தில் இருப்பவனோடு தமிழில் குசுகுசுத்தால் தப்பில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிழைகளை அந்த நிமிடமே திருத்தாதீர்கள். திருடனை மடக்கப் போகும் போலீஸை நிறுத்தி வினைமுற்றைச் சரிசெய்தால் ஆட்டம் செத்துவிடும். ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆடி முடித்ததும் அதிலிருந்து மூன்று வாக்கியங்களை, யார் சொன்னது என்று சொல்லாமல், போர்டில் எழுதி அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். அப்புறம் அதே விளையாட்டை இன்னொரு சுற்று ஆடவிடுங்கள். இந்த இரண்டாவது சுற்றைத்தான் நேரமில்லை என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திருத்தம் வாயில் படிவது அங்கேதான்.

வகுப்பில் நாற்பது பேர் என்றால் நான்கு நான்காகப் பிரித்தாலும் பத்து செட் வேண்டும், சத்தமும் பத்து மடங்கு வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது உத்தமம். குழு பிரிக்கும்போது நன்றாகப் பேசும் நால்வரை ஒன்றாகப் போட்டுவிடலாம். எல்லாக் குழுவிலும் ஒரு கெட்டிக்காரர் இருக்கட்டும் என்று பரப்பினால், அந்தந்தக் குழுவின் ஆட்டத்தை அவரே ஆடிவிடுவார்.

பத்து செட் கார்டுக்கு எங்கே போவது? அந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அட்டை எதுவானாலும் சரி, ஆளுக்கு ஐந்து டாபூ கார்டு எழுதிவரச் சொல்லுங்கள். ‘குடை’ கார்டுக்குத் தடைச் சொற்களாக எதை எழுதினால் எதிரணி திணறும் என்று யோசிக்க, அந்தச் சொல்லைச் சுற்றியுள்ள ஆங்கிலச் சொற்களையெல்லாம் பிள்ளை ஒருமுறை கிளறிப் பார்த்தாக வேண்டும். ஆட்டத்தைவிட இது கடினமான பயிற்சி. ஸ்பெல்லிங்கை மட்டும் ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு பிழை நாற்பது பேருக்கும் படிந்துவிடும்.